மீட்டர்ல 220, ரோட்டுல எருமைமாடு

பேராண்டி, புதுக் காரு வாங்கிட்டியாம்ல, ரொம்பச் சந்தோசம். தெருவுல பாதிப் பேருக்கு லட்டு குடுத்தே, மீதிப் பேருக்கு மீட்டரைக் காட்டுனே. எனக்கு ரெண்டும் கிடைச்சது. லட்டுல சீனி கூட, மீட்டர்ல நம்பர் கூட. "தாத்தா, 220 வரைக்கும் போட்டிருக்கான் பாருங்க"ன்னு சொல்லும்போது உன் மூஞ்சில ஒரு பவுசு ஓடுச்சே, பத்தாவதுல எடுத்த கணக்கு மார்க்கை அதே மூஞ்சியோட நீ காட்டியிருந்தா உங்கப்பனுக்கு இம்புட்டுச் சீக்கிரம் தலை நரைச்சிருக்காது.

சரி, 220. எங்க போவே?

சிவகாசியில இருந்து திருத்தங்கல், ஆமத்தூர் வழியா விருதுநகருக்கு வர்ற ரோட்டுலயா? காலையில அந்த ரோட்டுல பட்டாசு ஆபீஸ் வேனு வரும், தீப்பெட்டி ஆபீஸ் வேனு வரும், பள்ளிக்கூட பஸ் வரும், இதுக்கு நடுவுல ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தன் செல்போன்ல பேசிக்கிட்டே குறுக்க வருவான். எருமைமாடு இதுல சேத்தியில்ல, அது ரோட்டோட சொந்தக்காரி. அது வேணாம், மதுரை–கன்னியாகுமரி நாலுவழிச் சாலையில போறேன்னு சொல்லுவே. அங்கயும் 2018ல மத்திய சர்க்கார் காருக்குன்னு போட்ட கணக்கு 100 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ்வேன்னா 120. நம்ம ஜில்லாவுக்குள்ள எக்ஸ்பிரஸ்வேயே கிடையாது. ஆக உன் மீட்டர்ல 100க்கு மேல இருக்கிற 120 கிலோமீட்டருக்கும் காசு குடுத்துட்டே, தவணையும் கட்டப் போறே, ஆனா ஒருநாளும் தொடப் போறதில்ல. தொட்டேன்னா அடுத்த தவணையை உங்கப்பன் கட்டுவான்.

நான் ஆயுசுல பாதியைச் சிவகாசி அச்சாபீசுல லேபிள் பக்கத்துல கழிச்சவன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், ஊதுபத்தி அட்டை, நாள் காலண்டர்னு என் கை படாத காகிதம் கம்மி. லேபிள்ல ராக்கெட்டு நிலாவைத் தாண்டிப் போகும். கொளுத்துனா எதிர்வீட்டு மொட்டைமாடியில துணி காயப்போட்டவுக கத்துவாக. பத்தாயிரம் வாலான்னு போட்டிருக்கும். வாங்குன எவனும் உக்காந்து எண்ணிப் பார்த்ததில்ல, எண்ணிப் பார்க்கலாம்னு நினைச்சவனுக்கும் வெடிச்சு முடிச்சப்புறம் எண்ண என்ன மிச்சம் இருக்கும்? விக்கிறவனுக்கும் தெரியும், வாங்குறவனுக்கும் தெரியும். உன் காரு மீட்டர்ல கடைசியா இருக்கிற நம்பரும் லேபிள்தான் ராசா. அது வண்டி ஓட்டுறதுக்கு அடிச்ச நம்பர் இல்ல, வண்டியை விக்கிறதுக்கு அடிச்ச நம்பர்.

எங்க பட்டாசுப் பெட்டிக்குள்ள இருக்கிறதுக்காவது ஒரு எல்லை வச்சிருக்காக. 1999லயே சட்டம் போட்டுட்டாக: நாலு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா வெடிச் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. 2018ல சுப்ரீம் கோர்ட்டு பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னு சொன்னதுல இருந்து, பெட்டி மேல நீரிங்கிற ஆராய்ச்சி ஆபீஸ் முத்திரை, கியூஆர் கட்டம்னு ஏகப்பட்ட சாட்சி ஒட்டித்தான் சரக்கு வெளிய போகுது. உன் காரு கம்பெனிக்காரன் 180 போடுறானா, 260 போடுறானான்னு கேக்க எந்தக் கோர்ட்டும் இல்ல. சிவகாசிக்காரன் மட்டும் தேசம் பூராவுக்கும் பதில் சொல்லணும்.

கேட்ட ஊரு ஒண்ணு இருந்துச்சு, அமெரிக்கா. 1970கள்ல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்துச்சு. 1974 சனவரியில நிக்சன் கையெழுத்துப் போட்டு, தேசம் பூரா மணிக்கு 55 மைலுக்கு மேல போகக் கூடாதுன்னுட்டாரு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர். சட்டம் போட்டாச்சு, ஆனா காருல முள்ளு 120 மைலு, 140 மைலுன்னு கண்ணடிக்குது. சாலைப் பாதுகாப்பு ஆபீசுக்குத் தலைவியா இருந்த ஜோன் கிளேபுரூக் அம்மா, "பார்க்கிறதால தானே ஆசை வருது"ன்னு நினைச்சிருக்கணும். 1979ல ஒரு விதி வந்துச்சு: இனிமே எந்தக் காரு மீட்டர்லயும் 85 மைலுக்கு மேல நம்பர் இருக்கக் கூடாது, 55ஐ மட்டும் தனியா எடுத்துக் காட்டணும். கோர்வெட்னு ஒரு காரு, ஓட்டப் பந்தயத்துக்கே பொறந்தது, அதுக்கும் 85தான். முள்ளு 85ல போயி முட்டிக்கிட்டு நிக்கும், காரு பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். நம்பர் இல்லாத இடத்துல எம்புட்டு வேகம் போறோம்னு ஓட்டுறவனுக்கே தெரியாது! ரீகன் வந்து கொஞ்ச நாள்ல அந்த விதியை எடுத்துட்டாக. என்னைக் கேட்டா அந்த அம்மா நினைச்சதுல தப்பில்ல, மருந்துதான் தப்பு. நம்பரை மறைச்சா ஆசை போகாது. உங்கப்பன் சின்னப்பயலா இருந்தப்ப உங்க அப்பத்தா கருப்பட்டியை ஒளிச்சு வச்சுப் பார்த்தா, வீட்டுல இருந்த டப்பா அம்புட்டையும் திறந்து பார்த்துட்டான்.

பிறகு எதுக்குத்தான் இம்புட்டு நம்பர் போடுறான்னு கேப்பே. லேபிள் பவுசு ஒரு காரணம். காரு வடிவம் போடுறவுக இன்னொண்ணு சொல்றாக, அதையும் தள்ளிவிட முடியாது. வட்ட மீட்டர்ல தினப்படி ஓட்டுற வேகம் உச்சியில, நட்டநடுவுல வந்தாத்தான் ஓரக்கண்ணுல பார்த்ததும் தெரியுமாம். நீ 80, 100ல போறவன்னா அந்த நம்பர் உச்சிக்கு வரணும். அப்போ அதே அளவு நம்பர் வலது பக்கமும் இறங்கித்தானே ஆகணும்? 180, 200, 220ன்னு வந்துருது. அடுத்த காரணம் காசு. ஒரே மீட்டர்ப் பெட்டியைச் சின்ன எஞ்சினுக்கும் மாட்டுறான், பெரிய எஞ்சினுக்கும் மாட்டுறான், நாலு தேசத்துக்கும் அனுப்புறான். அமெரிக்காவுல டொயோட்டா யாரிஸ்னு ஒரு சின்னக் காரு வித்தாக. மீட்டர்ல 140 மைலு. வண்டி மூச்சைப் பிடிச்சு ஓடுனாலும் 109 மைலுக்கு மேல போகாது. மிச்சம் 31 மைலு சும்மா அலங்காரம்.

நீ காலையில சாவியைப் போட்டதும் முள்ளு ரெண்டும் விறுவிறுன்னு கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருதே, அதைப் பார்த்து எம்புட்டு சந்தோசப்பட்டே! நல்லாப் பார்த்து வச்சுக்கோ. உன் காரு 220ஐத் தொடப் போறது அப்ப மட்டுந்தான். அதுவும் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு.

ஊருக்கு ஊரு இந்த லேபிள் மாறுறதுதான் வேடிக்கை. ஜெர்மனியில சில நெடுஞ்சாலையில வேகத்துக்கு எல்லையே கிடையாது. பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் கூடிப் பேசி, சரி நாமளே 250ல நிறுத்திக்குவோம்னு ஒரு ஒப்பந்தம் வச்சிருக்கான், அதனால மீட்டர் 260னு நிக்கும். ஜப்பான்காரன் 180ல நிறுத்துனான், அவன் ஊரு சின்னக் காருன்னா 140. ஐரோப்பாவுல பல காருல 20, 40, 60ன்னு வராம 30, 50, 70, 90ன்னு நம்பர் வரும். அங்க ஊருக்குள்ள 50, பெரிய சாலையில 130ன்னு இருக்கிறதால, எல்லை எதுவோ அந்த நம்பர் கண்ணுல படணும்னு வச்சிருக்கான். அது லேபிள் இல்ல, அது புத்தி. நம்ம ஊரு மீட்டர்ல அப்படி யாராவது 80ஐயும் 100ஐயும் கொஞ்சம் பெருசா எழுதியிருந்தா நான் கைதட்டுவேன்.

இங்கிலாந்துக்காரன் நமக்கு மைலைக் குடுத்துட்டுப் போனான், அவன் இன்னமும் ரோட்டுல மைலுதான் வச்சிருக்கான். நாம 1956ல எடை அளவுச் சட்டம் போட்டு, 1957ல நயா பைசாவுக்கு வந்து, மெல்ல ரோட்டுக் கல்லையும் கிலோமீட்டருக்கு மாத்துனோம். ஆனா பழைய மோட்டாருல மீட்டர் மைலுல இருக்கும். கல்லு ஒரு கணக்கு, முள்ளு ஒரு கணக்கு. முள்ளு 40னு சொல்லும், வண்டி 64 கிலோமீட்டர்ல போகும். "நாப்பதுலதான்யா வந்தேன்"னு போலீஸ்காரர்கிட்ட டிரைவர் சத்தியம் பண்ணுவாரு. சத்தியம் பொய் இல்ல, மைலு மட்டும் ரகசியம்.

இதுல நம்ம தமிழ்நாட்டுக் கெட்டிக்காரத்தனம் ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னாத்தான் உனக்கு மீட்டர் மேல மரியாதை வரும். ஒரகடத்துல 2010ல இருந்து நிசான் மைக்ரா செஞ்சு ஐரோப்பாவுக்குக் கப்பல்ல ஏத்துனாக. மறைமலை நகர் போர்டு ஆலையில செஞ்ச ஈக்கோஸ்போர்ட், 2018ல அமெரிக்காவுக்கே போச்சு. ஒரே ஆலை, ஒரே ஆளுக. செங்கல்பட்டுக்காரர் காலையில கிலோமீட்டர் மீட்டர் மாட்டுவாரு, டீ குடிச்சிட்டு வந்து மைல் மீட்டர் மாட்டுவாரு. ஸ்டியரிங்கு ஒண்ணுக்கு வலது பக்கம், ஒண்ணுக்கு இடது பக்கம். மைலுல ஒரு நாளும் போகாதவுக கையாலதான் மைலு ஓடுச்சு. கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்துல 1975ல இருந்து மீட்டர் செய்றாக, பிரிக்கால்னு பேரு. உன் பழைய பைக்கு மீட்டரைக் கழட்டித் திருப்பிப் பாரு, அந்தப் பேரு இருந்தாலும் இருக்கும். கோயம்புத்தூர்காரன் முள்ளு செய்வான், நம்ம ஜில்லாக்காரன் அந்த முள்ளை மதிக்க மாட்டான்.

இப்பக் கொஞ்சம் பக்கத்துல வா, ரகசியம் ஒண்ணு சொல்றேன். உன் முள்ளு பொய் சொல்லும். அதுவும் சட்டப்படி.

ஐக்கிய நாடுகள் சபை வண்டிகளுக்குன்னு ஒரு விதிப் புத்தகம் வச்சிருக்கு. அதுல 39வது விதி வேக மீட்டருக்கு. என்ன சொல்லுதுன்னா, நிஜ வேகத்தை விட ஒரு பொட்டு கூட மீட்டர் குறைச்சுக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம். எம்புட்டு? நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல இன்னொரு 4 கிலோமீட்டர். நீ நிஜமா 100ல போனா மீட்டர் 100ல இருந்து 114 வரைக்கும் எதை வேணும்னாலும் சொல்லலாம். 99னு சொன்னா குத்தம், 114னு சொன்னா நியாயம். எனக்குத் தெரிஞ்சு, கூட்டிச் சொல்றதுக்குச் சட்டமே கதவைத் திறந்து விட்டிருக்கிறது இந்த முள்ளுக்கு மட்டுந்தான். எங்க அச்சாபீசுக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தா நாங்க என்ன ஆட்டம் ஆடியிருப்போம்!

ஏன் அப்படின்னா, டயர் தேயும், காத்துக் குறையும், ஆலையில கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். எது எப்படி ஆனாலும் ஓட்டுறவன் தன் வேகத்தைக் குறைச்சு நினைச்சிரக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் முன்கூட்டியே ஒரு கை கூட்டி வச்சிர்றான். அதனாலதான் உன் செல்போன்ல ஜி.பி.எஸ். 94ன்னு காட்டும்போது முள்ளு 100ல நிக்குது. நீ போன வாரம் மதுரையில இருந்து 140ல வந்தேன்னு டீக்கடையில சொன்னியே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த விதிக்குள்ள பார்த்தா, முள்ளு 140ன்னா நிஜம் 124ஆக் கூட இருக்கலாம். ஆக நீ சொன்னதுல பாதிப் பொய் முள்ளோடது, உன் பங்கு கொஞ்சந்தான். 124ன்னாலும் அபராத ரசீதுக்கு அது போதும்கிறது வேற விசயம். அந்த 1,000 ரூபாய்க்குப் புரோட்டாக் கடையில ஒரு குடும்பமே சாப்பிட்டு எந்திரிக்கலாம்.

இதைக் கேட்டதும் உன் கண்ணுல ஒரு வெளிச்சம் வருதே, எனக்குத் தெரியுது. "அப்போ முள்ளு 110ல வச்சா நிஜத்துல 100தானே தாத்தா, சட்டத்துக்குள்ள தானே"ன்னு கணக்குப் போடுறே. பத்தாவதுல வராத கணக்கு இப்ப மட்டும் எங்க இருந்து வருது? விதி சொல்றது அதிகபட்சம். உன் வண்டி ரெண்டு கிலோமீட்டர் மட்டும் கூட்டலாம், ஒண்ணுமே கூட்டாமலும் இருக்கலாம். அதோட நீ டயரை வேற மாத்தப் போறேன்னு உங்கப்பன் சொன்னான்.

அந்த டயர் விசயம் கொஞ்சம் நிதானமாக் கேளு, ஏன்னா இந்த ஊருல எவனும் இதை யோசிக்கிறதில்ல. மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டுந்தான் தெரியும். ஒரு சுத்துக்கு இம்புட்டு தூரம்னு ஆலையிலயே எழுதிக் குடுத்துட்டாக. உன் வண்டிக்கு வந்த டயர் 185/65 ஆர்15. ஒரு கடையில போயி, "நல்லா அகலமா, ஆளே பயப்படுற மாதிரி போடு"ன்னு கேப்பே. அவன் 205/65 ஆர்15 மாட்டி விடுவான். குறுக்களவு 622 மில்லிமீட்டரா இருந்தது 648 ஆயிரும். நூத்துக்கு நாலு கூட. ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூடுதலாப் போகுது, மீட்டருக்கு அது தெரியாது. அது 100ன்னு சொல்லும்போது முன்ன இருந்ததை விட 4 கிலோமீட்டர் வெரசாப் போய்க்கிட்டு இருப்பே. கம்பெனிக்காரன் ஏமாறாம இருக்கக் கூட்டி வச்ச காப்புல பெரும்பகுதி உன் அலாய் வீலுக்குள்ள போயிரும். மொதல்ல கூட்டிச் சொன்ன முள்ளு, வண்டியைப் பொறுத்து இப்போ குறைச்சுச் சொன்னாலும் சொல்லும். அப்படிச் சொன்னா, சட்டம் எதைக் கூடாதுன்னுச்சோ அதை நீயே காசு குடுத்துச் செஞ்சுக்கிட்டேன்னு அர்த்தம். இதுல கிலோமீட்டர்க் கணக்கும் கம்மியாத்தான் ஓடும், சர்வீசுக்கும் பிந்திப் போவே.

டயர் தேஞ்சா இதுக்கு நேர்மாறு. புது டயர்ல பட்டன் எட்டு மில்லிமீட்டர் இருக்கும், ஒண்ணரைக்குத் தேஞ்சு போனா சக்கரம் சின்னதாகி, முள்ளு நூத்துக்கு ரெண்டு கூட்டிச் சொல்லும். வழுக்கை டயர்க்காரன் ரொம்ப வேகமாப் போறதா நினைச்சுக்கிட்டு பையத்தான் போவான். அவனைத் திட்டாத, மழை வந்தா தானே நின்னுக்குவான்.

அந்தக் காலத்து மீட்டர்ல இந்த வம்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 1902ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓட்டோ ஷுல்ட்ஸேன்னு ஒரு ஜெர்மன்காரரு காப்புரிமை வாங்குன வித்தை அது. சக்கரத்துப் பக்கம் இருந்து ஒரு கேபிள் வரும், அது ஒரு காந்தத்தைச் சுழட்டும். காந்தத்தைச் சுத்தி அலுமினியக் கிண்ணம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதுன்னு நீ படிச்சிருப்பே. ஆனா காந்தம் சுத்துனா அந்தக் கிண்ணத்துக்குள்ள மின்சாரம் சுழிச்சு ஓடும், கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு சன்னமான சுருள்கம்பி அதைப் பிடிச்சு இழுத்து வைக்கும். இந்த இழுபறியில முள்ளு எங்க நிக்குதோ அதுதான் வேகம். நூறு வருசத்துக்குக் கிட்ட உலகம் பூரா இதை வச்சுத்தான் ஓடுச்சு. கேபிள்ல கிரீஸ் வத்துச்சுன்னா முள்ளு நடுங்கும். கேபிள் அறுந்துச்சுன்னா முள்ளு பூஜ்யத்துல படுத்துரும், வண்டி மட்டும் பறக்கும். அப்படிப் படுத்த முள்ளோட நான் எத்தனையோ பஸ்ஸுல போயிருக்கேன். டிரைவரைக் கேட்டா, "எஞ்சின் சத்தமே எனக்கு மீட்டர் அண்ணாச்சி"ன்னு சொல்லுவாரு. இப்ப உன் வண்டியில கேபிளே இல்ல, எல்லாம் சென்சாரு, சின்ன மோட்டாரு. முள்ளு நடுங்குறதில்ல, அதனால நீ அதை நம்புறே.

முள்ளு சொல்லிக் கேக்காதவனுக்கு மணியடிச்சும் பார்த்திருக்காக. ஜப்பான்ல 100ஐத் தாண்டுனா காருக்குள்ள கிண்கிண்ணு மணி அடிக்கணும்னு விதி இருந்துச்சு, 1986ல அதை எடுத்துட்டாக. துபாய்ப் பக்கம் 120ல கத்துற காரை நம்ம ஊருப் பயலுக ஓட்டிப் பழகியிருக்கானுக. நமக்கு 2019 ஜூலை 1ல இருந்து புதுக் காரு எல்லாத்துக்கும் கட்டாயம்: 80ஐத் தாண்டுனா நிமிசத்துக்கு ஒரு தடவை பீப், 120ஐத் தாண்டுனா விடாம பீப். நீ அந்தச் சத்தத்தை நிறுத்த மெக்கானிக்கைத் தேடி அலைஞ்சேன்னு கேள்விப்பட்டேன். பேராண்டி, அந்தக் காருக்குள்ள உன் நல்லதுக்குன்னு கத்துறது அது ஒண்ணுதான். பாட்டுப்பெட்டியில வர்றவுக யாரும் உனக்காகக் கத்தலை.

பீப்பை விடக் கறாரான ஏற்பாடு ஒண்ணு நம்ம ஊரு ரோட்டுலயே ஓடுச்சு. டாடா நானோ 2009ல வந்தப்பவும், டொயோட்டா எட்டியாஸ் 2010ல வந்தப்பவும் மீட்டரை ஸ்டியரிங்குக்குப் பின்னாடி வைக்காம டேஷ்போர்டு நடுவுல வச்சிருந்தாக. நடுவுல வச்சா இடது பக்கம் ஓட்டுற தேசம், வலது பக்கம் ஓட்டுற தேசம் ரெண்டுக்கும் தோதாயிரும், செலவு குறையும். ஆனா குடும்பஸ்தனுக்கு அதுல இருந்த சங்கடம் உனக்குத் தெரியாது. உன் சித்தப்பா எட்டியாஸ் வச்சிருந்தான். உங்க அப்பத்தா முன்சீட்டுல உக்காந்து முள்ளை மட்டுமே பார்த்துக்கிட்டு வருவா. 61க்கு வந்ததும், "எதுக்குடா இந்தப் பறப்பு, அங்க யாரு தாலி அந்துச்சு"ன்னு ஆரம்பிப்பா. அந்த வண்டி அவன்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு ரசீது வந்ததில்ல. இவ்வளவு நல்ல பாதுகாப்புக் கருவியை இப்பப் பல கம்பெனி வைக்கிறதில்ல, முள்ளை ஓட்டுறவன் மூக்குக்கு நேரா ஒளிச்சு வச்சுட்டானுக.

கொழும்புல கடை வச்ச நம்ம பக்கத்து ஆளுக கூட்டம் ஒண்ணு உண்டுல்ல. அங்க ஓடுற காருல ஏகப்பட்டது ஜப்பான்ல ஓடிட்டு வந்த பழைய வண்டி. மீட்டர்ல 180, அவுக எக்ஸ்பிரஸ்வேயில எல்லை 100. சாவியைப் போட்டதும் ஒரு ஜப்பான் அம்மா என்னமோ பேசுவா. அது ஜப்பான் டோல்கேட்டுக் கார்டு சொருகலைன்னு சொல்ற எச்சரிக்கையாம். வண்டி கடல் தாண்டி வந்தது அந்த அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லலை.

மத்த முள்ளையும் ஒரு பார்வை பார்த்துரு. பெட்ரோல் பங்க்குல வண்டியைத் தப்புப் பக்கம் நிறுத்திட்டு, கழுத்தை நீட்டி மூடி எங்க இருக்குன்னு தேடுனியே, பங்க்குப் புள்ளைகளே சிரிச்சதுக. பெட்ரோல் மீட்டர் படத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கு பாரு. மூடி எந்தப் பக்கம்னு அது காட்டும். 1986ல போர்டு கம்பெனியில வேலை பார்த்த ஜிம் மொய்லன்னு ஒருத்தர், மழையில நனைஞ்ச கடுப்புல எழுதிப் போட்ட யோசனையாம் அது. 220ஐத் தெருவுக்கே காட்டுன உனக்கு அந்த அம்பு கண்ணுல படலை. அடுத்து எஞ்சின் சூட்டு முள்ளு. அது எப்பவும் நடுவுலயே நிக்குதேன்னு நிம்மதியா இருக்காத. பல கம்பெனிக்காரன் கொஞ்சம் சூடு ஏறி இறங்குனா முள்ளு அசையாம நடுவுலயே நிக்கிற மாதிரிதான் செய்றான், இல்லைன்னா ஆளுக பயந்து போயி சர்வீஸ் சென்டர்ல நிக்கிறாகளாம். அது அசைஞ்சுச்சுன்னா விசயம் முத்திப் போச்சுன்னு அர்த்தம். சித்திரை வெயில்ல அருப்புக்கோட்டை ரோட்டுல நின்னு ரேடியேட்டருக்கு விசிறி வீசாத, உடனே ஓரங்கட்டு. நிறையக் காருல இப்ப அந்த முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டுந்தான். சிவப்பு எரிஞ்சா நிக்கணும், மஞ்சள் எரிஞ்சா கடைக்குப் போகணும். இதுக்கு மேல புத்தகம் படிக்க வேண்டாம். நீ படிக்கவும் மாட்டே.

பழைய காரு வாங்கப் போற உன் சேக்காளிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு. ஓடுன கிலோமீட்டர் 30,000னு மீட்டர் சொல்லும். பிரேக் மிதியில இருக்கிற ரப்பர் வழவழன்னு தேஞ்சு கிடக்கும். ரப்பரை நம்பு. மீட்டரைத் திருப்புறவன் ரப்பரை மாத்த மறந்துருவான்.

நீ கேப்பே, பின்ன எதுக்குத் தாத்தா இந்த முள்ளை வச்சுக்கிட்டு அழணும்னு. கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டுறேன். இங்க விருதுநகர்ல இருந்து சிவகாசி சுமாரா 25 கிலோமீட்டர். 80ல போனா பத்தொன்பது நிமிசம். ரோடே காலியா இருந்து நீ 100ல போனாலும் பதினஞ்சு நிமிசம். மிச்சம் புடிச்சது நாலு நிமிசம். அந்த நாலு நிமிசத்தை என்ன பண்ணுனேன்னு நானும் பார்த்துட்டேன்: இறங்கி நின்னு, "பதினஞ்சே நிமிசத்துல வந்துட்டேன்"னு இருபது நிமிசம் பேசுனே.

போறப்ப இதை மட்டும் கேட்டுக்கோ. தீபாவளி நெருங்குது, பட்டாசு ஏத்துன லாரி ராத்திரி பகலா ஓடும். அபாயச் சரக்கு ஏத்துற வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 118 வச்சிருக்கிற உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர்தான், அதுக்கு மேல போகாதபடி எஞ்சின்லயே பூட்டுப் போட்டிருக்கும். அந்த டிரைவர் மீட்டர்லயும் 60க்கு மேல நம்பர் இருக்கு, அவரு அதைப் பார்த்து ஏங்கலை. பின்னால போயி ஆரனை அழுத்தாத, லைட்டைச் சிமிட்டாத. நாலு வண்டி இடம் விட்டுப் போ, வழி கிடைச்சா தள்ளி ஒதுங்கித் தாண்டிப் போ.

டயரு மட்டும் மாத்தாதடா.